கராச்சர்மா: உரிமத்திலிருந்து உரிமைக்கு

கராச்சர்மா தெற்கு அந்தமானில், தலைநகரின் தெற்கு விளிம்பை ஒட்டிய ஊர். அந்தத் தலைநகர் 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர். இப்போது அரசு ஆவணங்களில் ஸ்ரீ விஜயபுரம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கராச்சர்மாவில் 9,431 பேர் வாழ்ந்தனர். கணக்கெடுப்பு அதை நகரம் என்று வகைப்படுத்தியது; அப்போது ஊரை நிர்வகித்ததோ கிராமப் பஞ்சாயத்து. மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. பழைய நெல்வயல்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாகி வருகின்றன. தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம் பேசும் குடும்பங்கள் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. தண்டனைக் குடியேற்றக் காலத்தில் கைதிகள் காடு வெட்டி உண்டாக்கிய கிராமங்களுள் இதுவும் ஒன்று.

ஒரு நாடு குடியாட்சிக்கு மாறும்போது வாக்குரிமை பெரும்பாலும் முதலில் வந்துவிடும். நிலம், கூலி, உணவு, பள்ளி, மருத்துவம் ஆகியவை அதற்குப் பின் நெடுங்காலம் போராடிப் பெறவேண்டியவையாக நிற்கும். இந்தியப் பெருநிலத்தில் நடந்தது அதுதான். அந்தமானில் வரிசை தலைகீழானது. நிலம், சோறு, பள்ளி, மனைவி மக்களோடு வாழும் வாய்ப்பு ஆகியவை வாக்குச்சீட்டுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இங்கு வந்துவிட்டன. ஆனால் அவை உரிமைகளாக வரவில்லை. நன்னடத்தைக்காகச் சிறை நிர்வாகம் கொடுத்த சலுகைகளாக, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய உரிமங்களாக வந்தன. உரிமம் வேறு, உரிமை வேறு. இந்த ஊரின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு முழுவதும் அந்த வேறுபாட்டைச் சுற்றியே நடக்கிறது.

அதற்கும் முன்பு இந்த மண் யாருடையது என்பதைச் சொல்லியாக வேண்டும். போர்ட் பிளேர் துறைமுகத்தைச் சூழ்ந்த காடும் கடற்கரையும் பெரிய அந்தமானியரின் ஒரு பிரிவான அகா-பியா மக்களுடையவை. 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் அமைத்த முதல் குடியிருப்பு 1796-ல் கைவிடப்பட்டது. 1858 மார்ச் 10 அன்று ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கியபோது இரண்டாவது குடியேற்றம் தொடங்கியது. அகா-பியா மக்களிடம் நிலம் கேட்கப்படவில்லை, விலை பேசப்படவில்லை. 1859 மே மாதம் அவர்கள் போர்ட் பிளேரின் அபர்தீன் பகுதியில் படைதிரட்டித் தாக்கினார்கள், தோற்றார்கள். பிறகு போரைவிடக் கொடிய நோய்கள் வந்தன. 1877-ல் பரவிய தட்டம்மை பெருந்தொகையினரைக் கொன்றது. குடியேற்றத்திற்கு முன் சுமார் 5,000 என்று மதிப்பிடப்பட்ட பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1931-ல் 90, 1961-ல் 19. அகா-பியா மொழி பேசுவோர் இன்று ஒருவரும் இல்லை. கராச்சர்மாவின் நில உரிமை பற்றிய எந்தக் கணக்கும் இந்த முதல் வரியிலிருந்தே தொடங்கவேண்டும்.

தமிழில் அந்தத் தண்டனைக்குத் தீவாந்தர சிட்சை என்று பெயர். சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளம், பம்பாய், பஞ்சாப், பர்மாவிலிருந்தும் கைதிகள் வந்துகொண்டே இருந்தனர். 1901-ல் குடியிருப்பில் இருந்த கைதிகள் 11,947 பேர். எல்லோரும் ஆயுள் முழுவதும் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை, பொதுக் கைதிகளைப் பொறுத்தவரை முதல் படி மட்டுமே. ஆண் கைதி முதல் ஆறு மாதங்கள் தனியறையிலும், அதன்பின் சில ஆண்டுகள் கூட்டுச் சிறையிலும் வெளிவேலைக் கூட்டங்களிலும் கழிக்கவேண்டும். அடுத்து, சிறு கைச்செலவுப் பணத்துடன் உழைக்கும் காலம். பத்து ஆண்டுகளை ஒழுங்காகக் கடந்தவருக்குச் சீட்டு கிடைக்கும். சீட்டு பெற்றவர் 'செல்ஃப்-சப்போர்ட்டர்', அதாவது தன் உழைப்பில் தானே பிழைப்பவர். அவர் கிராமத்தில் குடியேறலாம், வயல் உழலாம், மாடு வளர்க்கலாம், மணம் முடிக்கலாம், ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம். தொடக்க ஆண்டுகளில் வீடு, உணவு, கருவிகளுக்கு உதவி உண்டு. வாடகையும் தீர்வையும் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் உதவி நின்றுவிடும், எல்லாத் தீர்வைகளும் தலைமேல் வரும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் நன்னடத்தையோடு முடிந்தால் முழு விடுதலைக்கும் வாய்ப்பு உண்டு.

இவ்வளவும் இருந்தும் அவருக்குக் குடிமை உரிமை எதுவும் கிடையாது. குடியிருப்பை விட்டு வெளியே போக முடியாது, வேலை செய்யாமல் சும்மா இருக்கவும் முடியாது. கிராமத்தை மேற்பார்வை செய்த சவுத்ரியும் காவலரும் நிர்வாகம் நியமித்தவர்கள். பெண் கைதிகளுக்கு வேறு கணக்கு: பெண்கள் சிறையில் மூன்று ஆண்டுகள், மேலும் இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பு, ஐந்தாண்டு கழிந்ததும் மணம் முடிக்கவோ வீட்டுவேலைக்குப் போகவோ அனுமதி. சாதி, மொழி, மதம் பார்த்து வரன் தேட அந்தத் தீவில் யாருக்கும் இடமிருக்கவில்லை. அவ்வாறு அமைந்த குடும்பங்களின் பிள்ளைகள்தாம் 'லோக்கல் பார்ன்' எனப்படும் சமூகம். அவர்கள் வீட்டில் இந்துஸ்தானி பேசினார்கள். பெருநிலத்தின் சாதிப் படிகள் அங்கே தளர்ந்தன. தீவின் சமூக வரலாற்றில் மிகவும் அரிய விளைவு இது. அரசு திட்டமிட்டுத் தந்த சமத்துவமல்ல இது. சிறைக் கட்டுப்பாட்டின் நடுவே மனிதர்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது.

நிலத்தின் சட்ட நிலையை 1876-ன் அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஒழுங்குவிதி தீர்மானித்தது. நிலம் முழுவதும் அரசுக்கு உரியது. உழுபவர் கையில் இருப்பது உரிமம். தஞ்சைக் குடியானவர் மிராசுதாரையும் மடத்தையும், ஜமீன் பகுதிக் குடியானவர் ஜமீன்தாரையும் எதிர்கொண்டார். கராச்சர்மாவின் உழவருக்கு இடைத்தரகர் எவரும் இல்லை. அரசே அவருக்கு நிலக்கிழார், சிறைக் காவலர், நீதிபதி, கடன் கொடுப்பவர். நிலக்கிழாருடன் தகராறு வந்தால் வேறொரு அதிகாரியிடம் முறையிடலாம். அரசே நிலக்கிழாராக இருந்த ஊரில் முறையிட வேறு வாசல் இல்லை.

பள்ளியின் கதை இன்னும் வியப்பானது. கைதிக் கிராமங்களின் ஆண்பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் வேறெங்கும் பிரிட்டிஷ் அரசு அப்போது அதைச் செய்யவில்லை. பரோடா சமஸ்தானம் 1906-ல் கட்டாயக் கல்வியைத் தன் ஆட்சிப்பகுதி முழுவதும் கொண்டுவந்தது. 1911-ல் கோபால கிருஷ்ண கோகலே சட்டமன்றத்தில் கொண்டுவந்த கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவை 1912-ல் அரசுத் தரப்பு தோற்கடித்தது. சென்னை மாகாணம் 1920-ல்தான் உள்ளாட்சிகள் விரும்பினால் கட்டாயமாக்கிக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. பணமில்லை, மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று பெருநிலத்தில் மறுக்கப்பட்ட ஒன்று, கைதிகளின் பிள்ளைகளுக்கு எளிதாகக் கிடைத்தது. கைதியின் மகன் மீண்டும் குற்றவாளியாகிவிடக்கூடாது என்பதே அங்கே நோக்கம். கல்வி பிள்ளையின் உரிமை என்ற எண்ணம் அதில் இல்லை. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை வளர்ந்தது. பிற்காலத்தில் தீவின் எழுத்தர்களும் ஆசிரியர்களும் அந்தத் தலைமுறையிலிருந்தே வந்தார்கள்.

உடல்நலத்தில் அந்த அக்கறை காட்டப்படவில்லை. கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்புகளை அணைபோட்டு வயலாக்கிய இடங்களில் மலேரியா பெருகியது. 1912-ல் எஸ். ஆர். கிறிஸ்டோபர்ஸ் அந்தமானின் மலேரியாவை ஆராய்ந்து, உப்புநீர்ச் சதுப்பில் வளரும் ஒருவகைக் கொசுதான் அங்கே நோயைப் பரப்புகிறது என்றும், கடலோரக் கிராமங்கள் ஏன் அதிகம் தாக்கப்படுகின்றன என்றும் விளக்கினார். காட்டை அழித்துச் சதுப்பைத் திருத்திய வேலையே நோயையும் வளர்த்தது. அதைச் செய்தவர்களுக்கு வேலையை மறுக்கும் வழி இருக்கவில்லை.

1919-20-ன் இந்தியச் சிறைக் குழு நாடுகடத்தல் தண்டனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. 1921-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டதாக அறிவித்தது. அறிவிப்பு நடப்பாக மாற நெடுநாள் ஆனது; மலபார்க் கலகத்தில் தண்டிக்கப்பட்ட மாப்பிள்ளைமார் அதே காலத்தில்தான் பெருந்தொகையாக வந்தார்கள். கராச்சர்மாவை அடுத்துக் காலிக்கட் என்றும், தீவின் வேறு இடங்களில் மஞ்சேரி, மலப்புரம், திரூர், வண்டூர் என்றும் ஊர்கள் இருப்பது அவர்கள் வந்த வரலாறு. 1925-ல் பர்மாவிலிருந்து கரேன் மக்களும், அதன்பின் ஐக்கிய மாகாணத்திலிருந்து பாந்து சமூகத்தாரும் குடியமர்த்தப்பட்டார்கள். 1918 முதல் ராஞ்சியிலிருந்து ஆதிவாசிக் கூலிகள் காட்டுவேலைக்கு வந்தார்கள். கைதி உழைப்பு குறையக் குறைய சுதந்திர உழைப்பு தேவைப்பட்டது. அதற்கேற்ப 1926-ல் நிலவிதிகள் திருத்தப்பட்டு, கைதி உழவருக்கும் லோக்கல் பார்ன் உழவருக்கும் அனுபோக உரிமை பெற வழி திறந்தது. உரிமத்திலிருந்து உரிமையை நோக்கி எடுத்துவைக்கப்பட்ட முதல் அடி இது. ஆள் பற்றாக்குறையே அதற்குக் காரணம், இரக்கமல்ல.

பெருநிலத்தில் அதே ஆண்டுகளில் வேறு கதை நடந்தது. 1920-ல் நீதிக்கட்சி சென்னையில் அமைச்சரவை அமைத்தது. 1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் வந்தது. சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஆனாலும் அங்கே வாக்கு இருந்தது. தலைமை ஆணையரின் ஆட்சியில் இருந்த அந்தமானில் யாருக்கும் வாக்கு இல்லை. உரிமை என்ற சொல்லைத் தீவில் உரக்கச் சொன்னவர்கள் செல்லுலார் சிறையின் அரசியல் கைதிகள். 1933 உண்ணாநோன்பில் அவர்கள் கேட்டவை நல்ல உணவு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகம். வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியதில் மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் ஆகிய மூவர் இறந்தார்கள். 1937-ல் மீண்டும் உண்ணாநோன்பு. 1938 தொடக்கத்தில் அரசியல் கைதிகள் பெருநிலத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சோறும் விளக்கும் புத்தகமும் சலுகையல்ல, கேட்டுப் பெறவேண்டிய உரிமை என்று இந்தத் தீவில் முதலில் சொன்னவர்கள் அவர்களே.

1942 மார்ச் 23-ல் ஜப்பானியப் படை வந்திறங்கியது. 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் கொடியேற்றினார். ஆனால் கிராமங்களில் நடப்பு ஆட்சி ஜப்பானியக் கடற்படையின் கையில்தான் இருந்தது. விமானத்தளம் அமைக்கக் கட்டாய உழைப்பு வாங்கப்பட்டது, தானியம் பறிமுதலானது, ஒற்றர் என்ற சந்தேகத்தின் பேரில் சித்திரவதை நடந்தது. மக்களின் அன்பைப் பெற்றிருந்த மருத்துவர் திவான் சிங் 1944 ஜனவரியில் சித்திரவதையால் இறந்தார். அதே மாதம் 30-ம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். போரின் கடைசி மாதங்களில் கப்பல் வராமல் தீவு பட்டினி கிடந்தது. அரிசிக்குக் கடல் கடந்த கப்பலை நம்பியிருக்கும் நிலத்தில் உணவுரிமை என்றால் என்ன என்பதை அந்தத் தலைமுறை வயிற்றால் அறிந்தது. 1945 அக்டோபரில் ஜப்பானியர் சரணடைந்தனர். தண்டனைக் குடியேற்றமும் அந்த ஆண்டோடு முடிந்தது. கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு அளிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்ப விரும்பியவர்கள் திரும்பினார்கள், மற்றவர்கள் வயலோடு தங்கிவிட்டார்கள்.

இனி வந்தது குடியாட்சி. 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு மாநிலங்களை நான்கு பகுதிகளாக வகுத்தது. நான்காம் பகுதியில் அந்தமான் நிக்கோபார் ஒன்று மட்டும் தனித்து வைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் தலைமை ஆணையர் மூலம் ஆள்வார். தீவுகளுக்கான ஒழுங்குவிதிகளை அவரே பிறப்பிக்கலாம். 1956 நவம்பர் 1-ல் யூனியன் பிரதேசமானபோதும் இந்த அதிகாரம் 240-ம் பிரிவில் தொடர்ந்தது. 1876-ல் ஒழுங்குவிதி என்ற பெயரில் வந்த சட்டவடிவம், குடியரசிலும் அதே பெயரோடு நிலைத்தது. அதை இயற்றும் கைதான் மாறியது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை ஒன்று தீவின் நிலச்சட்டத்தை விவாதித்து எழுதும் வாய்ப்பு இன்றுவரை வரவில்லை.

வாக்கிலும் அதே தாமதம். 1951-52-ல் இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது, அந்தமான் மக்கள் வாக்களிக்கவில்லை. தீவுகளின் மக்களவை உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். முதலில் நியமிக்கப்பட்டவர் கார் நிக்கோபாரின் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். 1957-லும் 1962-லும் நியமனமே நடந்தது. 1965-ல் இயற்றப்பட்ட யூனியன் பிரதேச நேரடித் தேர்தல் சட்டத்திற்குப் பிறகு, 1967-ல்தான் முதன்முறையாகத் தேர்தல் நடந்து கே. ஆர். கணேஷ் வென்றார். அவர் பின்னர் மத்திய இணையமைச்சராகவும் இருந்தார். நாடு மூன்று பொதுத்தேர்தல்களைக் கண்ட பிறகே, அரை நூற்றாண்டாக நிலத்தீர்வை செலுத்திவந்த கராச்சர்மாவின் உழவர் மக்களவைக்கான முதல் வாக்கைப் போட்டார்.

இந்திய அரசியலமைப்பே பொருளாதார, சமூக உரிமைகளை இரண்டாம் இடத்தில்தான் வைத்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். பேச்சு, மதம், சமத்துவம் ஆகியவை மூன்றாம் பகுதியில் வழக்காடிப் பெறக்கூடிய அடிப்படை உரிமைகள். வேலை, கல்வி, வாழத்தக்க கூலி ஆகியவை அப்போது நான்காம் பகுதியின் வழிகாட்டு நெறிகளாக வைக்கப்பட்டன. நீதிமன்றம் அவற்றை நிறைவேற்றச் சொல்ல முடியாது என்று 37-ம் பிரிவு கூறுகிறது. அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பைப் பார்த்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்றும், பொருளிலும் சமூகத்திலும் ஏற்றத்தாழ்வு என்றும் முரண்பட்ட வாழ்க்கையில் நாடு நுழைகிறது என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25-ல் எச்சரித்தார். பின்னால் குடியாட்சிக்கு மாறிய நாடுகள் வேறு வழிகளைத் தேடின. போர்ச்சுகல் 1976-லும் பிரேசில் 1988-லும் சமூக உரிமைகளை விரிவாக எழுதிக்கொண்டன. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு வீட்டையும் உணவையும் மருத்துவத்தையும் நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய உரிமைகளாக்கியது. 2000-ல் க்ரூட்பூம் வழக்கில், வீடற்றோருக்கு அரசின் திட்டத்தில் இடமில்லாதது அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியா பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 1979-ல் சேர்ந்தது. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிழைப்புரிமையை வாழ்வுரிமைக்குள் கொண்டுவந்தது.

கராச்சர்மாவைச் சுற்றி இந்தக் கேள்வி நிலத்தின் வடிவில் எழுந்தது. 1949-ல் கிழக்கு வங்காள அகதிகளின் முதல் கப்பல்கள் வந்தன. கைதிகள் விட்டுப்போன வயல்களும் புதிதாக வெட்டப்பட்ட காடும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. தொடக்கத் திட்டத்தில் குடும்பத்திற்கு ஐந்து ஏக்கர் நெல்வயல், ஐந்து ஏக்கர் மேட்டுநிலம். தாயகத்தை இழந்தவர்களுக்குக் கிடைத்த நியாயமான ஈடு அது. 'செட்லர்' என்ற சொல் அன்று முதல் தீவில் ஒரு தகுதியின் பெயராயிற்று. அரசு அழைத்துவந்து நிலம் கொடுத்தவர் செட்லர். தானே கப்பலேறி வந்தவர் செட்லர் அல்லர். 1969 முதல் கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர்களும் செட்லர்களே. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆனால் அவர்கள் வந்தது தோட்டத்தொழிலாளராக. நிலம் பெற்ற குடியேறியவராக அல்ல.

தீவுத் தமிழர்களின் பெரும்பகுதி எந்தத் திட்டத்திலும் அடங்காதவர்கள். துறைமுக வேலைக்கும் பொதுப்பணித்துறைக்கும் சாலை போடவும் மரம் ஏற்றவும் அபர்தீன் கடைத்தெருவில் வியாபாரத்திற்கும் தாங்களாகவே வந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 15 விழுக்காடு. வங்காளத்திற்கும் இந்திக்கும் அடுத்த இடம். தலைநகரைக் கட்டியதில் இவர்கள் கை பெரிது. தலைநகரின் நிலத்தில் இவர்கள் பங்கு சிறிது. வேலை கிடைத்த இடத்தை ஒட்டி, நகர் விளிம்பின் வருவாய் நிலத்திலும் காட்டோரத்திலும் குடிசை போட்டார்கள். சட்டம் அதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயரிட்டது. சாலையைப் போட்டவருக்கு அந்தச் சாலையோரம் தங்க இடம் ஒதுக்காமல் விட்ட திட்டமிடலின் விளைவு அது என்பதே சரியான விவரிப்பு.

1966-ன் நில வருவாய் மற்றும் நிலச் சீர்திருத்த ஒழுங்குவிதி இன்றும் நடைமுறையில் உள்ள அடிப்படைச் சட்டம். அதன் 38-ம் பிரிவு தீவின் நிலம் அனைத்தும் முழுமையாக மத்திய அரசுக்கு உரியது என்கிறது. அரசு எழுதிக்கொடுத்தாலன்றி, நெடுங்கால அனுபோகத்தாலோ வேறெந்த வழியாலோ யாருக்கும் நிலத்தில் உரிமை பிறக்காது. சொல்லில் 1876-ன் சாயல் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் வேறுபாடும் உண்டு. அனுபோகக் குடியானவருடைய நிலம் பிள்ளைகளுக்குப் போகும், கைமாற்றவும் முடியும், காரணமின்றி வெளியேற்ற முடியாது, மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஒரு காலத்தில் நன்னடத்தைச் சீட்டாக இருந்தது இப்போது வருவாய்ப் பதிவேட்டில் பெயராகிவிட்டது. அனுபோகக் குடியானவருக்குக் கீழே அனுபோகமற்றவர், மானியம் பெற்றவர், உரிமம் பெற்றவர் என்று வகைகள் தொடர்கின்றன. உரிமம் என்ற சொல் இன்னும் அந்தச் சட்டத்திலிருந்து போய்விடவில்லை. வயலை மனையாக்கவும் அரசின் அனுமதி வேண்டும். நகரம் நெருங்கி வந்த கராச்சர்மாவில் நிலம் வைத்திருப்போரின் அன்றாடக் கவலை அதுதான்.

நிலமற்றோருக்கு 1978 என்ற ஆண்டு தலைவிதியானது. அந்த ஆண்டுக்கு முன்பிருந்த ஆக்கிரமிப்புகளை ஒழுங்குபடுத்த அரசு முடிவுசெய்தது. 'பிரி-செவன்டி எயிட்' என்பது தீவின் பேச்சுவழக்கில் ஒரு வகைக் குடும்பத்தின் பெயராகவே ஆகிவிட்டது. ஓராண்டு தாமதமாகக் கப்பலேறியவர் வேறு வகையில் விழுந்தார். 2002 மே 7-ல் உச்ச நீதிமன்றம், சேகர் சிங் அறிக்கையை ஏற்றுக் காட்டு நில ஆக்கிரமிப்புகளை அகற்றவும், ஒதுக்கிய இடங்களுக்கு மாறாத 1978-க்கு முந்தைய குடும்பங்களை மாறச் சொல்லவும் ஆணையிட்டது. ஜாரவா மக்களின் காட்டைக் காக்க அந்த ஆணை தேவைப்பட்டது. 1956-ன் ஆதிப்பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி காகிதத்தில் காத்ததைக் களத்தில் மரம்வெட்டுதலும் சாலையும் அரித்துக்கொண்டிருந்தன. ஏழைக் கூலியின் குடிசை உரிமையும் பழங்குடியின் வன உரிமையும் நேருக்கு நேர் மோதிய இடம் அது. இருவரையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஒரே அரசின் குடியேற்றக் கொள்கை.

நிலத்தைத் தாண்டியும் தகுதி வகைகள் நீண்டன. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 1942-க்கு முந்தைய லோக்கல் பார்ன், மாப்பிள்ளை, பாந்து, கரேன் சமூகங்களும் கிழக்கு வங்காளச் செட்லர்களும் சேர்க்கப்பட்டனர். மூன்று தலைமுறையாகத் தீவில் வாழும் தமிழ், தெலுங்குக் கூலிக் குடும்பங்கள் அதில் இல்லை. ஐலாண்டர் கார்டு ஒருவர் தீவைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்று. பெருநிலம் போகும் கப்பலில் சலுகைக் கட்டணம் முதலானவை அதைச் சார்ந்தவை. அரசுப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி இருப்பது இந்தப் படத்தில் ஒரு நல்ல கோடு. கைதிக் காலத்தில் இந்துஸ்தானி மட்டுமே பள்ளிமொழியாக இருந்த இடத்தில் அது பெரிய மாற்றம்.

உள்ளாட்சி 1961-ன் கிராமப் பஞ்சாயத்து ஒழுங்குவிதியோடு தொடங்கியது. சவுத்ரி இருந்த இடத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதான் வந்தார். மக்களவை வாக்குக்கு முன்பே ஊர் வாக்கு வந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 73-வது அரசியலமைப்புத் திருத்தத்தைத் தொடர்ந்து 1994-ல் புதிய பஞ்சாயத்து ஒழுங்குவிதி வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமும் மாவட்ட அளவிலான ஜில்லா பரிஷத்தும் அதில் அமைந்தன. சட்டமன்றம் இல்லாத தீவில், ஓர் ஊர்வாசி தன் குடிநீருக்கும் கால்வாய்க்கும் நேரில் கேட்கக்கூடிய ஒரே தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிரதான்தான். ஆனால் நிலம் அவர் கையில் இல்லை. அது தாசில்தாரிடமும் துணை ஆணையரிடமும் இருக்கிறது.

2004 டிசம்பர் 26-ன் நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் தெற்கு அந்தமானின் தரை தாழ்ந்தது. தலைநகரை அடுத்த சிப்பிகாட் பகுதியில் வயல்களில் ஏறிய கடல்நீர் வடியவே இல்லை. கைதிகள் அணைபோட்டு மீட்ட சதுப்பு மீண்டும் சதுப்பானது. பதிவேட்டில் நிலமாகவும் கண்முன் நீராகவும் இருக்கும் வயலுக்கு உரிமை என்பதன் பொருள் என்ன என்ற கேள்வியை 1966-ன் ஒழுங்குவிதியை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. உப்பேறிய மண்ணில் எந்த நெல் விளையும் என்று ஆராய்வது, 1978-ல் தொடங்கப்பட்ட வேளாண் நிறுவனத்தின் வேலைகளில் ஒன்றாயிற்று.

கூலியின் கதை மிக அண்மையில் நீதிமன்றம் வரை சென்றது. தீவு நிர்வாகத்தில் பல்லாண்டுகளாக நாள்கூலியாக வேலைசெய்யும் மஸ்தூர்கள், சுருக்கமாக டி.ஆர்.எம்., நிரந்தர ஊழியரின் மாதச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கும் அகவிலைப்படியும் தங்கள் நாள்கூலி என்று வழக்காடி ஆணை பெற்றிருந்தார்கள். அந்த ஆணை நிறைவேற்றப்படவில்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு 2023 ஆகஸ்டில் தலைமைச் செயலரை இடைநீக்கம் செய்யவும் துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கவும் உத்தரவிட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தடை வந்தாலும் வழக்கின் வடிவம் கவனத்திற்குரியது: 1901-ல் இதே தீவில் கைச்செலவுப் பணத்துக்கு உழைத்தவர் கேள்வி கேட்க முடியவில்லை, 2023-ல் நாள்கூலி மஸ்தூர் ஆட்சியின் தலைமையையே நீதிமன்றத்தில் பதில் சொல்ல வைத்தார்.

கராச்சர்மாவின் இன்றைய நிலை இந்த அடுக்குகள் அனைத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. கைதியின் சீட்டிலிருந்து வந்த அனுபோக நிலமும், ஒழுங்குபடுத்தப்பட்ட மனையும், இன்னும் பதிவாகாத குடிசையும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. மக்களவைக்கும் உள்ளாட்சிக்கும் வாக்கு இருக்கிறது; இரண்டுக்கும் நடுவில் சட்டம் இயற்றும் அவை இல்லை. நில ஒழுங்குவிதியின் 38-ம் பிரிவு அப்படியே இருக்கிறது, அரசியலமைப்பின் 240-ம் பிரிவின்கீழ் ஒழுங்குவிதி பிறப்பிக்கும் அதிகாரமும் அப்படியே இருக்கிறது.